சங்கிலியில் இல்லாத வீடு

ஊரில் சண்டை நடந்த காலத்தில் டென்மார்க்கில் இருந்த நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பமாக நின்றோம் என்று மேடையில் யாராவது பேச ஆரம்பித்தால், நான் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். பொய்யைக் கேட்டுக்கொண்டு கை தட்ட என்னால் ஏலாது. ரண்டர்ஸ் நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். எங்கள் ஒற்றுமை என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவில் இருந்துகொண்டு, குப்பை போடப் போகும்போது மற்றவர் படியில் நிற்கிறாரா என்று கதவு ஓட்டையால் பார்த்துவிட்டு இறங்கிய ஆட்கள் நாங்கள்.

பிரிந்த கதையைச் சொன்னால் வெளி ஆட்கள் இதற்கா என்பார்கள். ஊரில் சண்டையின் கடைசி வாரங்கள். யாருடைய வீட்டுக்கு எந்த நேரம் என்ன சேதி வரும் என்று தெரியாமல் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். அந்த நேரம் பார்த்து எங்கள் கோயிலில் விழா வந்தது. அங்கே சனம் சாகுது, இங்கே மேளம் அடிக்கிறதா என்றது ஒரு பகுதி. சனம் சாகிற நேரத்தில்தானே கூடக் கும்பிட வேண்டும் என்றது மற்றப் பகுதி. இரண்டு பகுதி சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. விழா நடந்தது. பாதிப் பேர் வரவில்லை. வராதவர்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தில் கூடி மெழுகுதிரி கொளுத்தினார்கள். அன்றிலிருந்து கோயில்காரர், மண்டபத்துக்காரர் என்று இரண்டாகிப் போனோம். ஊர்ச் சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இங்கே நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. கலியாணத்துக்குச் சொல்வதில்லை. செத்தவீட்டுக்கு மட்டும் சொல்வார்கள், அதையும் மூன்றாம் ஆளைப் பிடித்துச் சொல்வார்கள்.

அந்த மூன்றாம் ஆள் அனேகமாக நான்தான். நான் இரண்டு பகுதியிலும் இல்லை. இரண்டு பகுதியையும் ஏசுவேன். அதனாலேயே என்னைப் பொது ஆள் என்று சொல்லிக்கொள்வார்கள். வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து காலை நீட்டுவேன், உடனே ஒரு போன் வரும். தங்கச்சி, இதை அவையளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ என்று.

இப்போது ஐரோப்பாவிலும் சண்டை வந்துவிட்டது. டென்மார்க் அரசாங்கம் எல்லாருடைய டிஜிட்டல் தபால்பெட்டிக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மூன்று நாளைக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து, போர்வை, பற்றரியில் பாடும் ரேடியோ எல்லாம் வீட்டில் வைத்திருங்கள், அக்கம்பக்கத்தவரையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையான கடிதம். என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரிகள் வெளிறிப் போனார்கள். கடைகளில் தண்ணீர்க் கலனும் ரோச் லைட்டும் முடிந்துவிட்டன. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி என் கையைப் பிடித்து, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள். பங்கருக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்தவள் நான் என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் ஆட்களைக் கேட்க வேண்டுமா? எல்லாருக்கும் ஒரே பெருமை. மூன்று நாளாம், மூன்று நாள், நாங்கள் மூன்று மாதம் மாவையும் தேங்காய்ப்பூவையும் தின்று கிடந்த சனம் என்று ஆளுக்காள் வீரக் கதை. கதைத்து முடித்துவிட்டு அடுத்த நாள் போய் வீட்டுக்கு ஆறு மூட்டை அரிசி இறக்கினார்கள். கரண்ட் இல்லாமல் அதை எதிலே அவிக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். இங்கே எல்லார் வீட்டு அடுப்பும் கரண்ட் அடுப்பு.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உண்மையாகப் பயந்தது ஒரே ஒரு ஆள். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சொந்த அக்கா இல்லை. நான் கலியாணம் முடித்து ஒரு தை மாதம் இங்கே வந்து இறங்கியபோது காலில் செருப்போடு வந்தேன். அக்கா தன் சப்பாத்தைக் கழற்றித் தந்துவிட்டு, இரண்டு சோடிக் காலுறையோடு தன் வீட்டுக்கு நடந்து போனவர். பெரிய உடுப்புத் தோய்க்கும் இடமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். கணவர் இல்லை, மகள் கனடாவில். கொஞ்ச வருடமாகச் சுவாசப்பை சரியில்லை. வீட்டில் ஒரு ஒட்சிசன் மெசின். கட்டிலடியில் ஒரு சின்ன அலுமாரி அளவில் நின்று நாள் முழுக்க உறுமும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் அவர் மூக்குக்கு. சமையலறைக்கும் குளியலறைக்கும் அந்தக் குழாயை இழுத்துக்கொண்டுதான் நடப்பார். வெளியே போகத் தோளில் மாட்டும் ஒரு சின்னச் சிலிண்டர். அது சில மணி நேரம்தான் தாங்கும்.

இந்த நிலையிலும் அக்கா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், சனிக்கிழமை மண்டபத்துக்குப் போவார். ரண்டர்ஸில் இரண்டுக்கும் போகிற ஒரே ஆள் அவர்தான். ஒரு நாள் அங்கே வடை, மறுநாள் அதே வடை இங்கே. அவரை நீ எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவருக்கு ஒருத்தரோடும் கோபம் இல்லை, ஒருத்தருக்கும் அவரோடு கோபம் இல்லை. எங்களுக்குள் இப்படி ஒரு பிறவி எப்படி வந்தது என்று நானே யோசித்திருக்கிறேன்.

அக்கா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, கரண்ட் போனா என்ரை மெசின் நிண்டிடுமே. நாலாம் மாடி. லிப்டும் நிண்டிடும். நான் என்ன செய்யிறது?"

நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ, அதுக்கு ஒரு ஒழுங்கு செய்யிறன் என்று சொன்னேன். சும்மா வாய்க்குச் சொல்லவில்லை. உண்மையாகவே செய்ய நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நான் இழுத்துப் போட்டுக்கொண்ட எல்லா வில்லங்கமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அந்த மாதமே கொம்யூனில், அதாவது நகரசபையில், இருந்து ஒரு பெண் எங்கள் இரண்டு சங்கத்தையும் நூலகத்தில் ஒரு அறைக்குக் கூப்பிட்டார். நல்ல பெண். சின்னச் சமூகத்துக்கு இரண்டு சங்கம் இருப்பது எவ்வளவு சுறுசுறுப்பு என்று வியந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில்காரரின் தலைவர் கோயில் அண்ணை ஒரு தொங்கலில், மண்டபத்துக்காரரின் தலைவர் மண்டபத்து அண்ணை மறு தொங்கலில். அந்தப் பெண் தொலைபேசிச் சங்கிலி என்று ஒன்றை விளக்கினார். இந்த நாட்டில் தனியாக இருக்கிற வயதானவர்கள் இப்படி ஆளை ஆள் விசாரிப்பார்கள். ஒரு வீடு அடுத்த வீட்டுக்குப் போன் எடுக்கும், அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு. கடைசி வீடு முதல் வீட்டுக்கு எடுத்துச் சொன்னால் எல்லாரும் சுகம் என்று அர்த்தம். இடையில் ஒரு வீடு பதில் சொல்லாவிட்டால் அங்கே ஆளை அனுப்ப வேண்டும். ஏதாவது நடந்தால் உங்கள் ஆட்களை நீங்களே இப்படிப் பார்த்துக்கொள்ளலாம், கொம்யூனுக்கும் பெரிய உதவி என்றார்.

எனக்கு அக்காவின் மெசின்தான் கண்ணுக்குள் வந்தது. இதைவிட நல்ல ஒழுங்கு கிடைக்காது என்று நினைத்தேன்.

முதல் வீடு யாருடையது என்று கேள்வி வந்தது. நாசமாய்ப் போக. கோயில் அண்ணை, நாங்கள்தான் முதல் தொடங்கிய சங்கம் என்றார். மண்டபத்து அண்ணை, எங்களிடம்தான் வீடுகள் கூட என்றார். இரண்டு பேரும் ஆளை ஆள் பார்க்காமல் அந்த டேனிஷ் பெண்ணைப் பார்த்தே சொன்னார்கள். அவர் இடையில் இருந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சிரித்தார். முக்கால் மணி நேரம். வெடி விழுந்தால் முதல் ஓடுவது யார் என்றும் வாக்கெடுப்பு வைப்பீர்களோ என்று தமிழில் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சீவன் நான். கடைசியில் இரண்டு சங்கிலி என்று முடிவாயிற்று. ஒன்று கோயில் அண்ணை வீட்டில் தொடங்கும், மற்றது மண்டபத்து அண்ணை வீட்டில் தொடங்கும். இரண்டும் என் வீட்டில் வந்து முடியும். பட்டியலையும் நானே எழுத வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை என் சாப்பாட்டு மேசையை ஒருத்தரும் பாவிக்க முடியவில்லை. நாற்பத்தொரு வீட்டின் பெயரையும் துண்டு துண்டாக எழுதிப் பரப்பி வைத்திருந்தேன். கஷ்டம் இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு வீடும் ஆளோடு ஆள் கதைக்கிற வீடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள். சங்கம் இரண்டுதான், கோபதாபம் எத்தனை என்று நான் அப்போதுதான் கண்டேன். ஒரு வீட்டுப் பெண் மற்ற வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு வந்து சாப்பிடாமல் போனவள். ஒருத்தர் மற்றவரின் மச்சானுக்கு வணக்கம் சொல்லவில்லை. இரண்டு வீடு பிள்ளைகளின் பரதநாட்டியத்தில் யார் முன்வரிசை என்று பிடுங்குப்பட்டவை. அந்தப் பிள்ளைகள் கலியாணமும் முடித்துவிட்டார்கள், தாய்மார் இன்னும் முகம் திருப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் யாரோடு ஆகாது என்று பின்பக்கம் சிவப்புப் பேனையால் எழுதினேன். சில துண்டில் இடம் போதவில்லை.

மகள் வந்து மேசையைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே குழுவில் ஒரு செய்தி போட்டால் முடிந்ததே என்று டேனிஷில் கேட்டாள். ஏற்கெனவே நாலு குழு இருக்கு, நாலிலும் பாதிப் பேர் விலகிப் போயிட்டினம் என்று சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். என் மனிசன் பத்திரிகையை இறக்காமலே, ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கங்களை ஒன்று சேர்க்கிறது இதைவிடச் சுகமாக இருந்திருக்கும் என்றார். உதவி செய்ய ஒரு கை இல்லை, பகிடிக்கு மட்டும் குறைவில்லை.

அக்காவின் துண்டின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முதலில் அவரைக் கோயில் பக்கம் போட்டேன். அங்கே யார் எடுப்பீர்கள் என்று கேட்டபோது, அவவுக்கு ஆரும் எடுப்பம் தங்கச்சி, அதுக்கென்ன என்றார்கள். மண்டபத்துப் பக்கமும் அதே பதில்: அவவுக்கு நாங்கள் எல்லாரும் எடுப்பம். உண்மையில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவ்வளவு வீட்டில் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் தீர்ந்த ஒரே ஒரு வீடு. ஒருத்தரோடும் பிரச்சினை இல்லாத ஆளுக்கு இடம் தேட வேண்டியதில்லை என்று நினைத்து, அந்தத் துண்டை மேசை ஓரத்தில் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த சிவப்புப் பேனைக்காரரைப் பார்க்கப் போனேன்.

பட்டியலைத் தட்டச்சு செய்து முடித்ததும் அக்காவே கேட்டார். "எனக்கு ஆர் எடுப்பினம், பிள்ளை?"

"எல்லாரும் எடுப்பினம் அக்கா," என்றேன்.

அக்கா சரி என்று தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தோம். இரண்டு சங்கிலியும் அரை மணித்தியாலத்துக்குள் என் வீட்டுக்கு வந்து முடிந்தன. ஒரு வீடும் தவறவில்லை. கொம்யூன் பெண் புளகாங்கிதம் அடைந்து, கேக்கோடு வந்து படம் எடுத்தார். கோயில் அண்ணையும் மண்டபத்து அண்ணையும் கை கொடுத்தபடி நிற்கிறார்கள், இடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். படத்துக்கு மேலே ஒற்றுமை என்று டேனிஷில் எழுதி நகரத்துப் பத்திரிகையில் போட்டார்கள். எல்லாரும் அதை வெட்டி வைத்துக்கொண்டார்கள். நானும் வெட்டி வைத்தேன், ஏன் மறைக்க வேண்டும்.

மெல்பேணில் இருக்கும் என் தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் பக்கத்து வீட்டு அவுஸ்திரேலியக் கிழவர் காட்டிய ஒரு படத்தைப் பற்றிச் சொன்னான். அந்த நாள் இரண்டாம் உலக யுத்தத்தில் எடுத்தது. ஆம்பிளைகள் சண்டைக்குப் போய்விட, தெருப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து சிப்பாய்களுக்குக் காலுறை பின்னுகிறார்கள். கிழவரின் தாயும் இருக்கிறார். எங்கள் தெரு முழுக்க அப்போது ஒரே மனம் என்று தாய் சாகும்வரை சொல்வாராம். ஆனால் கத்தோலிக்க வீட்டுக்காரிகள் ஒரு மூலையில், மற்றவர்கள் மறு மூலையில் இருந்துதான் பின்னினார்களாம். அதே தெருவில் ஒரு இத்தாலியக் குடும்பம். அந்த வீட்டு மனிதனை எதிரி நாட்டான் என்று அரசாங்கம் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. மனைவிக்கும் பின்னத் தெரியும், நல்லாகவே தெரியும். அவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லையாம். ஒவ்வொருத்தியும் மற்றவள் கூப்பிட்டிருப்பாள் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தானோ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், நான் வேலையால் வந்து ஒரு மணித்தியாலத்தில் கரண்ட் போனது. யுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீதி கிண்டுகிற மெசின் ஒன்று நிலத்துக்கு அடியில் போன கேபிளை வெட்டிவிட்டதாம். அது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் யாருக்குத் தெரியும்? நாலு மணிக்கே இருட்டிவிடுகிற மாதம். யன்னலால் பார்த்தால் நகரத்தின் எங்கள் பக்கம் முழுக்கக் கறுப்பு. பயம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாக, எங்கள் சங்கிலி வேலை செய்கிறதா பார்ப்போம் என்ற துடிப்புத்தான் வந்தது. மெழுகுதிரியைக் கொளுத்திப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன், பெரிய தளபதி போல.

இருபது நிமிடத்தில் கோயில் சங்கிலியின் கடைசி வீடு எடுத்தது. எல்லாரும் சுகம். கொஞ்ச நேரத்தில் மண்டபத்துச் சங்கிலியும் வந்து சேர்ந்தது. எல்லாரும் சுகம். நாற்பது வீட்டுக்கும் பக்கத்தில் சரி போட்டேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது. எங்கள் ஆட்கள், எத்தனை கோபதாபம் இருந்தாலும், ஆளை ஆள் விசாரித்துவிட்டார்களே என்று.

அதோடு விட்டிருக்கலாம். கோயில் அண்ணை எடுத்தார். தங்கள் சங்கிலி முதலில் முடிந்ததைக் கொம்யூன் பெண்ணுக்கு நான் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். அவையள் எங்களைப் பாத்துத்தான் தொடங்கினவை எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. ஊர் இருட்டுக்குள் கிடக்கிறது, உங்களுக்கு முதலாம் இடம் வேண்டிக் கிடக்கிறதோ என்று தொடங்கி, அந்த விழாவையும் மெழுகுதிரியையும் இழுத்து, பரதநாட்டியம் வரை போனேன். அவரும் விடவில்லை. நான் கத்தக் கத்த, காதுக்குள் டிக், டிக் என்று இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. மண்டபத்து அண்ணையாகத்தான் இருக்கும், அவருக்கும் முதலாம் இடம் வேண்டும், நிற்கட்டும் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. அது நின்றது. திரும்ப வந்தது. நின்றது. திரும்ப வந்தது. அவர் வரட்டும், அவருக்கும் வைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

நான் ஏசி முடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று அழைப்பும் அக்காவிடமிருந்து.

திரும்ப எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே தேடினேன், அக்காவின் பெயரை. பிறகு மற்றப் பட்டியலை. மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தேன். மனிசன் கார்த் திறப்பை எடுத்துவிட்டார், நான் ஒன்றும் சொல்ல முன்னமே. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

நாலு மாடியும் இருட்டில் ஏறினேன். அக்காவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரோச் லைட்டோடு ஒரு டேனிஷ் பெண், அக்காவின் சமையலறையில் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதலாம் மாடிக்காரி. வணக்கம் சொன்னாலும் கேளாத ஆள் என்று அக்கா ஒருமுறை சொன்னதுண்டு. மெசின் ஒரு சத்தமும் இல்லாமல் கட்டிலடியில் நின்றது. அம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது, உயிர் இருக்கிறது, பயப்படாதே என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னார். கடிதத்தில் அக்கம்பக்கத்தவரைப் பார்க்கச் சொன்னதால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தாராம். இந்தக் கதவில் பதில் இல்லை, உள்ளே ஏதோ விழுந்த சத்தம் மட்டும். கதவு பூட்டியிருக்கவில்லை, உள்ளே போனால் அக்கா போனும் கையுமாக நிலத்தில் கிடந்தாராம். அன்று காலை டொக்டரிடம் போய்வந்ததில் சின்னச் சிலிண்டரும் முடிந்திருந்தது. அம்புலன்ஸை ஏன் முதலே கூப்பிடவில்லை என்று தான் கேட்டதற்கு, வீணாக அவர்களை அலைக்கக்கூடாது, என்னுடைய ஆட்கள் வருவார்கள் என்று அக்கா சொன்னாராம்.

பிறகு என்னைப் பார்த்து, குற்றம் சொல்கிற குரலில்லாமல், கேட்கிற குரலில் சொன்னார்: "அவர் உங்களுக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தார், இல்லையா?"

ஓம் என்றேன். டேனிஷில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

இரண்டு நாள் அக்காவைப் பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் கோயில் அண்ணை, கையில் சூப் போத்தலோடு. மண்டபத்துக்காரர் முதலே வந்து போய்விட்டார்களாம், இவர் அவர்கள் காரை எடுக்கும்வரை தரிப்பிடத்தில் நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரியிலும் நேரம் பார்த்து ஆளை ஆள் காணாமல் வருகிறார்கள். என்னை ஓரத்துக்குக் கூப்பிட்டு, அவ சனிக்கிழமையிலை மண்டபத்திலைதானே தங்கச்சி, அவை எடுத்திருக்க வேணும் என்றார். மண்டபத்து அண்ணை முதல் நாளே எனக்குப் போனில் சொல்லியிருந்தார், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள், அவை என்ன செய்தவை என்று. இரண்டு பேரும் ஒரே வசனம். கிழமை மட்டும் வேறு.

"நான்தான் அண்ணை," என்றேன். "அவவின்ரை பேரை எழுதாமல் விட்டது நான்."

விடுங்கோ தங்கச்சி, உங்களிலை பிழை இல்லை, என்றாலும் அவை எடுத்திருக்கலாம் என்றார். எனக்குக் கத்தக்கூடப் பலமில்லை. சூப் போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து இருந்தார். மூக்கில் குழாய். முகம் சின்னனாகிப் போயிருந்தது. நான் கட்டிலடியில் நின்று அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், நடந்ததை முழுக்கச் சொன்னேன். எத்தனை ஞாயிறு இருந்தேன், எத்தனை துண்டு, யாருக்கு யாரோடு ஆகாது, எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையில் இருந்தது. கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, இரண்டு பட்டியலையும் மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தார். நாற்பது பேரையும் அவருக்குத் தெரியும். நாற்பது பேரும் அவர் வடையைச் சாப்பிட்டவர்கள்.

வாசித்து முடித்துத் தாளை மடியில் வைத்தார். "என்னையும் ஆரோடையாவது கோபம் எண்டு எழுதிவிடு, பிள்ளை," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தார். "அப்பத்தானே என்ரை பேரை எங்கை போடுறது எண்டு இருந்து யோசிப்பாய்."

அக்கா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பகிடி விடுகிற அளவுக்குச் சுகமாகிவிட்டாரே என்று எனக்கு அழுகைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது. கைப்பைக்குள் தேடிப் பேனையையும் எடுத்தேன்.

"சரி, ஆரோடை எண்டு எழுத, அக்கா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னை நேரே பார்த்தார். சிரிக்கவில்லை.

"உன்னோடை."